அம்மா உப்புத் தொடாத கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? எனக்குக் காலையில் மூன்று மாத்திரை, உனக்கு எத்தனை என்பதில்தான். போன வாரம் நம்மில் ஒருத்தி தலை சுற்றுகிறது என்றாள். மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ரத்தம் எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் இன்ன கோளாறு என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவளும் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாள். நீங்கள் எல்லோரும் அவளைக் கேலி செய்தீர்கள். நான் மட்டும் எழுந்து போய்விட்டேன் என்று கோபித்துக்கொண்டீர்களாம். கோபித்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு ஒரு கோடை முழுக்கத் தலை சுற்றியது. என்ன நோய் என்று கண்டுபிடிக்கப் பெரியவர்கள் அத்தனை பேரும் அலைந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சங்ககிரி மலை வடக்கே தெரிகிற மாதிரி எங்கள் வெள்ளாமைக் காடும் வீடும். இரண்டு காளை, ஒரு கிணறு, அதில் பாதி நாள் தண்ணீர்.

அந்தக் கோடைக்கு முந்திய தை மாதம் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஊரில் ஏழெட்டுக் குழந்தைகளைக் கொண்டுபோன அம்மை. நான் பிழைத்துக்கொண்டேன். முகத்தில் குழி, இடது கண்ணில் பூ. கருவிழி மேல் வெள்ளையாகப் படர்ந்து நின்றுவிடுமே, அதுதான். அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், வேறொன்றும் தெரியாது.

பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. பெரியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே என் எதிரிலேயே அம்மாவிடம் கேட்டாள்.

"உசுரு பொழச்சது சாமி புண்ணியம். ஆனா பொட்டப்புள்ளைக்குக் கண்ணுல பூ உழுந்து போச்சே, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

அம்மா அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

மாசி மாதம் ஒரு நாள் அடுப்படியில் ஒன்றைக் கவனித்தேன். அம்மா கொள்ளுப் பருப்பைக் கடைந்து முடித்ததும், உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து மண் கிண்ணியில் தனியாக வைத்தாள். மறுநாள் கீரையிலும் அப்படியே செய்தாள். மோரிலும் அப்படியே. கம்மஞ்சோற்றில் எங்கள் வீட்டில் உப்புப் போடுகிற வழக்கமில்லை, குழம்பில் இருக்கிற உப்புதான் சோற்றுக்கும். எல்லோரும் தின்று எழுந்த பிறகுதான் அம்மா சோறு தின்பாள், அதுவும் அடுப்படிக்குள்ளேயே. அவள் என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள் என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் அம்மாக்கள் மட்டும் எப்படித் தின்றார்களாம்? சொல்லுங்கள் பார்க்கலாம், ஒருத்திக்காவது தெரியுமா?

நான் கேட்டேன். "அந்தக் கிண்ணி யாருக்கும்மா?"

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

"மாரியாத்தாளுக்கு நேந்திருக்கறேன் சாமி. வார வருஷ மாசிப் பொங்க வரைக்கும் உப்பு என்ற நாக்குல படக்கூடாது. உன்ற கண்ணுல பூ எறங்கிரும்."

"எறங்குமா?"

"எறங்காம? ஆத்தாதான போட்டா, அவளே எடுப்பா. ஆனா நீ ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதே. உங்கப்பன்கிட்டக்கூடச் சொல்லக்கூடாது. வெளிய சொன்னாலும், நானு உப்பத் தொட்டாலும் வேண்டுதல் முறிஞ்சு போயிரும். அப்பறம் ஆத்தா கண்ணையே எடுத்துக்குவா."

கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. எனக்காக ஒருத்தி ஒரு வருஷம் உப்பை விட்டிருக்கிறாள்! அந்தப் பெருமையோடு மாங்காயை உடைத்து, கல்லுப்பும் மிளகாயும் தொட்டு, அவள் எதிரிலேயே நொட்டை விட்டுத் தின்றிருக்கிறேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பங்குனி கடைசியில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். காட்டுக்கு எருச் சுமக்கிற காலம். குப்பைமேட்டிலிருந்து கூடை கூடையாகத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அது பெண்கள் வேலை. அம்மாவின் சேலை முதுகில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும். ஒரு நாள் கூடையைத் தூக்கிவிட்டு இரண்டடி வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தல கிறுகிறுன்னு வருதுங்கக்கா" என்றாள் பெரியம்மாவிடம்.

வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, "நாக்கு ஒட்டிக்கிட்டே இருக்குது" என்று மறுபடியும் குடத்தைச் சாய்த்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தண்ணீர் குடிப்பாள், தாகம் அடங்காது. எழுந்தால் கண் இருட்டும். அரிசி களையக் குனிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். கெண்டைக்கால் திடீரென்று சுருட்டி இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் காலைத் தேய்ப்பாள்.

பெரியம்மா முதலில் கண்டுபிடித்துவிட்டாள். "ஏ புள்ள, முழுகாம இருக்கறயா? எனக்கு எதுக்கு மறைக்கறே?"

அம்மா இல்லை என்றாள். யார் நம்பினார்கள்? அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இந்தத் தடவை ஆண் பிள்ளைதான் என்று பெரியப்பாவிடம் சொல்லி, பால்மாடு ஒன்று பிடித்துவரப் போவதாகவும் பேசினார். பதினைந்து நாளில் இல்லை என்று தானே தெரிந்துவிட்டது. அப்பா பால்மாட்டுப் பேச்சை விட்டுவிட்டார். அம்மா ஏதோ ஏமாற்றிவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அடுத்தது பூசாரி. வந்து உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்து, கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டார். "ஒத்தப் பனமரத்துக்கிட்ட உச்சி நேரத்துல போனயா அம்மணி?" என்று கேட்டார்.

எங்கள் காட்டுக்குப் போகும் வழியே அந்தப் பனைமரத்தடியில்தான். போகாமல் என்ன செய்வாள்? காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்று மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார், கறுப்புக் கோழி ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். நான் அந்தப் பனைமரத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். அம்மாவின் கிறுகிறுப்பு மட்டும் போகவில்லை.

சித்திரை முடிகிற சமயத்தில் வைத்தியரை அழைத்து வந்தார்கள். சுற்று வட்டாரத்தில் பேர் பெற்றவர், கண்ணை மூடி நாடி பிடித்தால் முன்பிறவி வரை சொல்வார் என்பார்கள். பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம்.

"பித்தம் தலைக்கு ஏறிருச்சுங்க. சூரணம் குடுக்கறேன். ஆனா பத்தியம் சுத்தமா இருக்கோணும். உப்பு, புளி, எண்ணெ மூணும் ஆகாது. ஒரு மண்டலம்."

அப்பா தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! இனி ஒளித்துத் தின்ன வேண்டாமே, பத்தியம் என்று எல்லோர் எதிரிலும் உப்பில்லாமல் தின்னலாமே. எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. உப்பை விட்டால் சரியாகும் என்கிறாரே, இவள்தான் மாசியிலிருந்தே உப்பைத் தொடவில்லையே, இன்னும் ஏன் சரியாகவில்லை? எட்டு வயதுக் கழுதைக்குத் தோன்றிய இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? கேட்டால் சத்தியம் போய்விடும். சத்தியம் போனால் கண் போய்விடும்.

சூரணம் தின்றும் நாளுக்கு நாள் அம்மா சுருங்கினாள். கஞ்சியைப் பார்த்தாலே குமட்டினாள். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் குடத்தோடு விழுந்தாள். இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கிணற்றுக்குள்தான். பெரியப்பா தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார். அவள் உதடு வெடித்து, கன்னத்தில் மண் ஒட்டி, கண் பாதி திறந்து கிடந்தது. செத்துப்போனாள் என்றுதான் நினைத்தேன். "அம்மா, அம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் காடே திரும்பிப் பார்த்ததாம், பெரியம்மா பின்னாளில் சொல்வாள்.

அன்றைக்கே அப்பா வண்டியில் வைக்கோல் பரப்பினார். "சேலத்துக்குப் போலாம். அஸ்தம்பட்டியில ஒரு டாக்டரம்மா இருக்கறாங்களாமா." அம்மாவை விட்டு நகரமாட்டேன் என்று நான் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா வீட்டு முன்னறையிலேயே பார்த்தார். அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார். அம்மாவின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரோடு விட்டு விளக்கில் காய்ச்சினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சுடரையே பார்த்தார். நானும் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

"சர்க்கரை வியாதி இல்லை" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் குறைவாக இருக்கிறது. ஆனால் அதற்கு இவ்வளவு தள்ளாட்டம் ஏன் என்று தெரியவில்லை. என்னம்மா சாப்பிடுகிறாய்?"

"எல்லாரும் திங்கறதுதானுங்க."

"பத்தியச் சாப்பாடுங்க" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே. "உப்பு, புளி இல்லாமத்தான்."

"எத்தனை நாளாக?"

"பதினஞ்சு நாளுங்க. வைத்தியர் சொன்னதுங்க."

என் வாய் திறந்துவிட்டது. பதினைந்து நாள் இல்லை, மூன்று மாதம்! சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை நசுக்கின. அவ்வளவு வலு அவளிடம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பத்தியம் கித்தியம் எல்லாம் வேண்டாம். எல்லாம் சாப்பிடட்டும்" என்று டாக்டரம்மா ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்தார். பத்து நாளில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். பிறகு என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தக் கண்?"

"அது சரியாப் போயிருமுங்க" என்றாள் அம்மா அவசரமாக.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். என் முகத்தை விட்டுவிட்டார்.

வண்டியில் ஏறியதும் அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். "ஏனுங்க, மண்டலம் முடியட்டுமுங்க. பத்தியத்தப் பாதியில முறிச்சா ஆளையே முறிச்சுப்போடும்னு சொல்லுவாங்கல்ல." அப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. டானிக்கும் குடிக்கட்டும், பத்தியமும் இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு படகிலும் கால் வைத்தால் ஒன்றாவது கரை சேர்க்கும் என்று நினைத்தார் பாவம்.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. உச்சி வெயில். இடது காளை நடக்க மறுத்து நின்றுவிட்டது. தலையைத் தொங்கப்போட்டது, கால் நடுங்கியது. அவிழ்த்துவிட்டதும் போய் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை நக்க ஆரம்பித்தது. அப்பா ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார்.

"உப்புக் கேக்குது. இந்த வெயிலுக்கு வேர்வையில எல்லாம் போயிருச்சு. நாலு நாளாத் தவுட்டுத் தண்ணியில உப்புப் போடாம உட்டுட்டேன், என்ற தப்புதான்."

பக்கத்துக் குடிசையில் ஒரு கை உப்பு வாங்கி வந்து தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயில் மொண்டு, காளையின் வாயைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். புளியமர நிழலில் கட்டி வைத்தார். வெயில் தணிவதற்குள் காளை காதை ஆட்டிக்கொண்டு புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

அந்த மரத்தடியிலேயே, வண்டிக்குள்ளே, அம்மா படுத்திருந்தாள். அதே தொங்கல், அதே நடுக்கம். தூக்கத்தில் தன் முன்னங்கையை மெல்ல நக்கினாள். நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை, அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டுக்கு என்றால் அவருக்கு நாலு கண். பெண்டாட்டிக்கு என்றால் பூசாரி, வைத்தியர், டாக்டரம்மா! அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. மாட்டுக்கு உப்பு வைப்பவர் அவர். அவளுக்கு யார் வைத்தார்கள்? அவளேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? சொன்னால் கண் போகும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை. ஒரு கண்தான் போகும் என்று அம்மா சொல்லவில்லையே, 'கண்ணையே எடுத்துக்குவா' என்றுதானே சொன்னாள். ஆத்தா கோபத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டால்? அதனால் பழகிப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து காளை கட்டுகிற மாட்டுச்சாளை, அங்கிருந்து கிணற்றடி. எண்ணி எண்ணி நடந்தேன். கல்லில் இடறி முட்டி பெயர்ந்தது. வேப்பமரத்தில் நெற்றி இடித்தது. மூன்றாம் நாள் இடிக்காமல் மாட்டுச்சாளை வரை போய்விட்டேன். கண்ணைத் திறந்து காளைகளைப் பார்த்தேன். மலையைப் பார்த்தேன். பெரியம்மா வீட்டுச் சேவலைக்கூட ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அழுகை அழுகையாக வந்தது. பயமென்றால் அப்படி ஒரு பயம் எனக்கு அதற்குப் பிறகு பிரசவத்தில்கூட வந்ததில்லை.

அம்மாவால் அடுப்படிக்கு எழுந்துவர முடியாத நிலை. பெரியம்மாதான் கஞ்சி காய்ச்சி, பத்தியக் கஞ்சி என்று தனியாக ஒரு சட்டியில் வைத்துவிட்டுப் போவாள். அதை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு உப்புப் பானைக்குள் கையை விட்டேன். கல்லுப்பு ஈரமாக விரலில் ஒட்டியது. "ஆத்தா, என்னைய என்ன வேணா செஞ்சுக்கோ, அவளை ஒண்ணும் செஞ்சுப்போடாதே" என்று வாய்விட்டே சொன்னேன். கஞ்சியில் போட்டு, கரைகிற வரைக்கும் கலக்கினேன். எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியுமா? கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். கிண்ணியை வாயில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சினாள். அப்படியே நிறுத்திவிட்டாள்.

மூன்று மாதம் உப்புப் படாத நாக்கு. தெரியாமல் இருக்குமா? துப்பப் போகிறாள், என்னை அடிக்கப் போகிறாள் என்று ஓடத் தயாராக நின்றேன். அவள் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் நெற்றி வீக்கத்தையும், பெயர்ந்த முட்டியையும், கடைசியில் என் இடது கண்ணையும் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கஞ்சிக்குள்ளேயே விழுந்தது.

விழுங்கினாள்.

பிறகு நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் கிண்ணி முழுவதையும் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதா சாமி?" என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினமும் போட்டேன், அவள் தினமும் குடித்தாள். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். ஆனி மாதம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தாள். பூசாரி தன் கயிறுதான் காப்பாற்றியது என்றார். வைத்தியர், சூரணம் வேலை செய்ய ஒரு மண்டலம் ஆகும் என்று முன்பே சொன்னேனே என்றார். அப்பா சேலத்துக்கு ஆள் அனுப்பி இன்னொரு பாட்டில் டானிக் வாங்கி, பெரியப்பாவுக்கும் ஒரு மூடி கொடுத்தார். ஆளாளுக்குப் பேரைத் தட்டிக்கொண்டு போனார்கள். அம்மா எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினாள்.

மாசிப் பொங்கலுக்கு எல்லோரும் கோயிலுக்குள் போனபோது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே வாம்மா என்று இழுத்தேன். வரவில்லை. வாசலிலிருந்தே கும்பிட்டாள். கும்பிட்டாளா, மன்னிப்புக் கேட்டாளா, எனக்குத் தெரியாது.

என் கண்ணில் பூ இறங்கவில்லை. இறங்கவும் இறங்காதாம். அம்மைத் தழும்பு விழுந்த கண் எந்த வேண்டுதலுக்கும் திரும்பாது, உப்புத் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒன்றுதான் என்று கண் டாக்டர் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்கு நாற்பது வயது. அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் உப்புத் தின்றதால்தான் என் கண் போனது என்று அவளும், நான் போட்டதால்தான் போனது என்று நானும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே முப்பது வருஷம் இருந்திருக்கிறோம்.

அந்த மாசிக்குப் பிறகு அம்மா புதிதாக ஒரு வழக்கம் ஆரம்பித்திருந்தாள். தினமும் காலையில் கிணற்றடியில் எனக்கு முகம் கழுவிவிட்டு, என் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். மற்றக் கையை நீட்டிக் கேட்பாள். "எத்தன வெரலு, சொல்லு?"

எனக்கு எதுவும் தெரியாது. வெளுப்பாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொன்னால் அவள் மறுபடியும் உப்பை விட்டுவிடுவாளோ என்று பயம். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "ரெண்டு." அம்மா, "ஆமா சாமி, ரெண்டுதான்" என்பாள். "நாலு" என்றால் நாலு சரி. தினமும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியம், ஒருவேளை ஆத்தா மன்னித்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் ஈரத்தில் அவள் உள்ளங்கை கொஞ்சம் நழுவிவிட்டது. விரல் இடுக்கு வழியாக என் நல்ல கண்ணுக்குத் தெரிந்தது. அவள் விரல் எதையும் காட்டவில்லை. நீட்ட வேண்டிய கையால் முந்தானையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். என்னிடம் கேட்க வேண்டியபோது மட்டும் முந்தானையை வாயிலிருந்து விலக்கினாள்.

"எத்தன வெரலு, சொல்லு?"

"மூணு" என்றேன்.

"மூணேதான் சாமி" என்றாள்.